கழுத்துக்கு இரண்டாம் முறை கரண்ட்

“ஒரு இடத்துக்கு ஒரு தடவைதான் கரண்ட் வைக்க முடியும். அதுக்கு மேல வச்சா தாங்காது.”

2022 ஏப்ரலில் இதை என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. எங்கள் தெரு மருந்துக் கடைக்காரர் சொன்னார், ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் சொன்னார், கேன்சரில் தம்பியைப் பறிகொடுத்த என் பழைய முதலாளி சொன்னார். எங்கள் பக்கம் ரேடியேஷன் சிகிச்சைக்குக் கரண்ட் என்றுதான் பெயர். மின்சாரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, எக்ஸ்ரேயின் அண்ணன் என்று வேண்டுமானால் சொல்லலாம். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டிக்காரன். தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் 31 வருஷம் கணக்கு எழுதினேன். சிகரெட் பழக்கம் இருந்தது. 2015இல் நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் வந்தது. ஏழு வாரத்தில் 35 தடவை ரேடியேஷன், மொத்தம் 70 கிரே, வாரம் ஒரு கீமோ. மூக்கு வழியாகக் குழாய் போட்டு இரண்டு மாதம் கஞ்சி குடித்தேன். எச்சில் வற்றிப்போனது, மீசைக்குக் கீழே தாடி முளைப்பது நின்றது, தைராய்டு மாத்திரை தினசரிப் பழக்கமானது. மற்றபடி நோய் போனது. கிரே என்பது கதிர்வீச்சை அளக்கிற அலகு. கிலோ, லிட்டர் மாதிரி. இந்தக் கதை முழுக்க அது வரும்.

ஆறரை வருஷம் கழித்து இடது காதில் வலி. காதில் எதுவும் இல்லை. இருந்தும் ஒன்றரை மாதம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்புப் பாதை என்பதால் தொண்டையின் ஆழத்தில் இருக்கும் கோளாறு காதில் வலியாகத் தெரியுமாம். தொண்டையில் ஒருமுறை கேன்சர் வந்தவருக்குக் காரணம் தெரியாத காதுவலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சொட்டு மருந்தோடு நிறுத்தாதீர்கள், தொண்டையையும் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு எம்ஆர்ஐ எடுத்தபோது தொண்டைக்குப் பின்னால், கழுத்தெலும்புக்கு முன்னால், மண்டையோட்டின் அடித்தளத்துக்குச் சற்றுக் கீழே இரண்டரை சென்டிமீட்டர் நெறிக்கட்டி. வாய் வழியாக ஊசி விட்டு எடுத்துப் பார்த்ததில் பழைய நோயேதான்.

கட்டியை வெட்டி எடுக்க வழி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். திரும்பி வந்த நோய்க்கு அறுவை சிகிச்சை முடியுமென்றால் அதற்குத்தான் முதலிடம். என் கட்டி மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் குழாயை ஒட்டிக்கொண்டு இருந்தது. அங்கே கத்தி வைக்க இரண்டு சர்ஜன்கள் யோசித்தார்கள், இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள். கீமோ கொடுக்கலாம், கொஞ்ச நாள் அடங்கியிருக்கும் என்றார்கள். அதோடு மேலே சொன்ன வாக்கியத்தையும் சொன்னார்கள்.

என் அக்கா மகன் சென்னையில் இருக்கிறான். “மாமா, இன்னொரு இடத்துல கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்” என்று அவன்தான் இழுத்துக்கொண்டு போனான். அங்கே ரேடியேஷன் டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். என்னுடைய ஃபைல் மூன்று கிலோ தேறும். ஏழு வருஷ ரத்தப் பரிசோதனைச் சீட்டு முதல் கேண்டீன் பில் வரை அதில் இருந்தது. பொறுமையாகப் புரட்டிவிட்டுக் கேட்டார்:

“ஐயா, பழைய ப்ளான் இருக்கா?”

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து நீட்டினேன். “70 கிரே, 35 தடவை” என்று அதில் எழுதியிருந்தது.

“இது பில் மாதிரிங்கய்யா. எவ்வளவு கொடுத்தாங்கன்னு இருக்கு. எங்கெங்கே எவ்வளவு விழுந்ததுன்னு இதுல இல்லை.”

கணக்கு எழுதினவனுக்கு அந்த ஒரு வரி போதும். மொத்தத் தொகை மட்டும் இருக்கிறது, பேரேடு இல்லை. 70 கிரே என்பது கட்டியில் விழுந்தது. தாடையில் எவ்வளவு, தண்டுவடத்தில் எவ்வளவு, காதுக்குள் எவ்வளவு, கரோட்டிட் குழாயில் எவ்வளவு என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஆயுள் முழுக்க இவ்வளவுதான் தாங்கும் என்று ஒரு வரம்பு உண்டு. தண்டுவடத்துக்கு, தினம் 2 கிரே வீதம் கொடுத்தால், 45 முதல் 50 கிரேக்குள் நிறுத்திக்கொள்வார்கள். அதைத் தாண்டிப் போனால் கை கால் விளங்காமல் போகிற ஆபத்து கூடிக்கொண்டே போகும். ஒரு தடவைதான் வைக்க முடியும் என்று ஊரே சொன்னதன் உண்மைப் பாதி இதுதான்.

இன்னொரு பாதியை டாக்டரம்மா சொன்னார். முதல் சிகிச்சையில் வாங்கிய அடியைத் தண்டுவடம் காலப்போக்கில் பெருமளவு சரிசெய்துகொள்கிறது. அமெரிக்காவில் குரங்குகளை வைத்து வருஷக்கணக்கில் செய்த சோதனைகளில் இது தெரியவந்ததாம். ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்தால் கை வைக்கப் பயப்படுவார்கள், ஆறு வருஷம் என்றால் கொஞ்சம் இடம் கிடைக்கும். “உடம்பு மறக்கும், ஆனா முழுசா மறக்காது. எவ்வளவு மறந்திருக்கும்னு கணக்குப் போடணும்னா, முதல்ல எவ்வளவு வாங்குச்சுன்னு தெரியணும்” என்றார். ரத்தக்குழாயும் எலும்பும் அவ்வளவு சுலபமாக மறப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்.

சரி, பேரேட்டைத் தேடிக் கிளம்பினோம்.

முதலில் வைத்தியம் பார்த்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம். நல்லபடியாகத்தான் பார்த்தார்கள், நன்றி இருக்கிறது. ஆனால் ரெக்கார்டு செக்‌ஷனில் மூன்று நாள் அலைந்தேன். சம்மரியின் நகலையே மறுபடி மறுபடி கொடுத்தார்கள். ‘ப்ளான்’ என்றால் அங்கே இருந்தவர்களுக்குப் புரியவில்லை. நடுவில் இயந்திரத்தை மாற்றியிருக்கிறார்கள், அதோடு கம்ப்யூட்டரும் மாறிவிட்டது, 2017க்கு முந்தியது எதுவும் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் மதியம், கோபத்தில் என்று சொல்ல முடியாது, போக இடம் இல்லாமல் ரேடியேஷன் பகுதிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். 2015இல் எனக்கு எங்கே எவ்வளவு கதிர் என்று கணக்குப் போட்ட மெடிக்கல் பிசிசிஸ்ட் டிபன் டப்பாவோடு வந்தார். என் முகத்தை மறந்திருந்தார், என் கழுத்தை அடையாளம் கண்டுகொண்டார். பழைய பேக்கப் எல்லாம் ஒரு அலமாரியில் டிஸ்க்காகக் கிடக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. மறுநாள் சாயங்காலம் ஒரு சிடி கையில் கிடைத்தது.

ஆகவே போய்க் கேட்கிறவர்கள் ரெக்கார்டு செக்‌ஷனோடு நின்றுவிடாமல் பிசிசிஸ்ட்டைத் தேடுங்கள். கேட்க வேண்டியது என்னவென்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. ப்ளான் போட எடுத்த சிடி ஸ்கேன் படங்கள், டாக்டர் அதன்மேல் உறுப்புகளுக்குக் கோடு போட்ட கோப்பு, ப்ளான் கோப்பு, டோஸ் கோப்பு, இந்த நான்கும் டைகாம் வடிவத்தில் வேண்டும், அது ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களுக்குப் பொதுவான கோப்பு வடிவம். கலர் கலராகப் பிரிண்ட் போட்ட பக்கங்களையும் வாங்கி வையுங்கள், பிடிஎஃப் இருந்தாலும் வாங்குங்கள். ஆனால் புதிய கம்ப்யூட்டரில் ஏற்றிப் பழசையும் புதுசையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கூட்டிப் பார்க்க டைகாம்தான் வேண்டும். இன்றைக்குச் சிகிச்சை முடித்து வீட்டுக்குப் போகிறவர்கள், நோய் திரும்பாது என்று எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும், கையோடு வாங்கிக்கொண்டு போங்கள். அப்போதைக்கு அரை மணி நேர வேலை, ஏழு வருஷம் கழித்து என்றால் என்னை மாதிரி பெஞ்சில் உட்கார வேண்டும்.

அந்தச் சிடியால் என்ன ஆனது என்று சொல்கிறேன். அது கிடைக்காமல் போயிருந்தால் தண்டுவடம் எல்லா இடத்திலும் 45 கிரே வாங்கிவிட்டது என்று மோசமானதாகவே வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்திருப்பார்கள். அப்படிப் பார்த்தால் எனக்கு மீதி இருக்கும் இடம் ரொம்பக் கொஞ்சம். சிடியைப் போட்டுப் பார்த்ததில், கழுத்தின் நடுப்பகுதியில்தான் 41 கிரே வரை போயிருந்தது. இப்போதைய கட்டி இருக்கிற உயரத்தில் தண்டுவடத்துக்கு விழுந்தது 31 கிரேதான். “இது போதும், வேலை செய்ய இடம் இருக்கு” என்று டாக்டரம்மா சொன்னபோது என் மனைவி என் பக்கம் திரும்பாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்தது எந்த முறை என்கிற கேள்வி. அக்கா மகன் இரவெல்லாம் நெட்டில் படித்துவிட்டு ஒரு பட்டியலோடு வந்திருந்தான். டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். அன்றைக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் என்னை மன்னிக்க வேண்டும், முக்கால் மணி நேரம் ஆனது.

எஸ்பிஆர்டி என்று ஒன்று. பெரிய அளவை ஐந்தே தடவையில் மிகத் துல்லியமாகக் கொடுப்பது. கழுத்தில் திரும்பி வந்த சின்னக் கட்டிகளுக்கு 35 முதல் 44 கிரே வரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கிறார்கள். சீக்கிரம் முடிந்துவிடும். எனக்கு அது பிடித்திருந்தது, ஐந்து தடவையோடு ஊருக்குப் போய்விடலாம். அவர் ஒரு தாளில் வட்டம் வரைந்தார். “இது கரோட்டிட். கட்டி இதைச் சுத்திப் பாதிக்கு மேல வளைச்சுப் பிடிச்சிருந்தா, பெரிய பெரிய டோஸா கொடுக்கிறது ஆபத்து. உங்களுக்குப் பாதிக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கொஞ்சத்தை நம்பிப் பந்தயம் கட்ட வேண்டாம்னு பார்க்கிறேன்.” ஏற்கெனவே ஒருமுறை கதிர் வாங்கிய குழாய், மறுபடியும் அடி வாங்கிச் சுவர் இற்றுப்போனால் வெடிக்கலாம். கழுத்துக்கு இரண்டாம் முறை ரேடியேஷன் வாங்குபவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது நடக்கிறது, நடந்தால் பிழைப்பவர்கள் குறைவு என்று மறைக்காமல் சொன்னார். இதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்கிற டாக்டரிடம்தான் இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

புரோட்டான். சென்னை தரமணியில் அப்பல்லோ 2019இல் புரோட்டான் மையம் திறந்தது, தெற்காசியாவிலேயே அதுதான் முதல். சாதாரண எக்ஸ்ரே கதிர் கட்டியைத் தாண்டி மறுபக்கம் வரை போகும். புரோட்டான் கட்டியில் தன் சக்தியை இறக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடும். மறு சிகிச்சைக்கு இது பெரிய அனுகூலம், அதிலும் மூளை, முதுகெலும்பு ஓரம், குழந்தைகள் என்றால் சொல்லவே வேண்டாம். ஆனால் கட்டியை ஒட்டியே இருக்கிற கரோட்டிட்டை அதனாலும் தப்பவைக்க முடியாது, உங்களுக்கு வித்தியாசம் சிறிதாகத்தான் இருக்கும், செலவோ பல லட்சம் கூடும் என்றார். நிலத்தை விற்கத் தயாராகத்தான் போயிருந்தேன். விற்கவில்லை. இன்னொருவருக்கு இதே கேள்விக்கு வேறு பதில் வரலாம்.

பட்டியலில் கடைசியாக ஒன்று இருந்தது. ஒரு நாளைய 2 கிரேயைப் பத்தாகப் பிரித்து, 0.2 கிரே வீதம், மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும் முறை. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் திரும்பி வந்த மூளைக் கட்டிகளுக்கும் மற்றவற்றுக்கும் இப்படிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல செல்கள் நடுவில் கிடைக்கிற இடைவெளியில் தங்களைத் தைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. “யோசனை நல்ல யோசனைதான். ஒருத்தருக்கு அரை மணி நேரம் மிஷினைக் கொடுக்கணும், வெளியே பாருங்க” என்று கதவைக் காட்டினார். வெளியே எழுபது எண்பது பேர் இருந்தார்கள்.

எனக்கு அவர் சொன்ன முறையும் அதே யோசனையின் பெரிய தம்பி. தினம் ஒரு 2 கிரேக்குப் பதிலாகக் காலையில் 1.2, சாயங்காலம் 1.2. ஐந்து வாரத்தில் 50 தடவை, மொத்தம் 60 கிரே. நரம்பு, ரத்தக்குழாய், எலும்பு மாதிரி மெதுவாகப் பாதிக்கப்படுகிற உறுப்புகளுக்கு மொத்த அளவு மட்டுமல்ல, ஒரு தடவையில் விழும் அளவும் ரொம்ப முக்கியம். அதைச் சிறிதாக்கினால் அவை தாக்குப்பிடிக்கும். வேகமாகப் பெருகுகிற கேன்சர் செல்லுக்கு அந்தச் சலுகை அவ்வளவாகக் கிடைக்காது.

“இதைக் கண்டுபிடிச்சது எதுல தெரியுமா ஐயா? செம்மறிக் கிடாவுல.” 1920களில் பாரிஸில் ரெகோ என்கிற ஆராய்ச்சியாளர் கிடாக்களின் விதைக்குக் கதிர் கொடுத்துப் பார்த்திருக்கிறார். ஒரே தடவையில் மலடாக்க முயன்றால் தோல் வெந்துபோனது. பிரித்துப் பிரித்துக் கொடுத்தால் தோல் தப்பியது, மலடும் ஆனது. அதைப் பார்த்துத்தான் குதார் என்கிற டாக்டர் தொண்டைக் கேன்சருக்கு வாரக்கணக்கில் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார். எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். கிடாய்க்கு இப்படியெல்லாம் கடன்பட்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜூன் கடைசியில் புது மாஸ்க் செய்தார்கள். வெந்நீரில் போட்டு இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்திப் பிடிப்பார்கள். சூடான ஈரத்துணி போர்த்திய மாதிரி இருக்கும், ஐந்து பத்து நிமிஷத்தில் இறுகிவிடும். 2015இல் அதற்குள் மூச்சு முட்டுகிறது என்று முதல் நாள் கத்தியிருக்கிறேன். இந்த முறை பழக்கமாகிவிட்டது. பயப்படுகிறவர்கள் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், கண் இருக்கிற இடத்தை வெட்டித் தருவார்கள், கையில் அழுத்த ஒரு மணி கொடுப்பார்கள்.

முதல் முறை கழுத்து முழுக்க, நோய் இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட இடத்துக்கெல்லாம் கொடுத்தார்கள். இந்த முறை கண்ணுக்குத் தெரிகிற கட்டியும் சுற்றி ஐந்து மில்லிமீட்டரும் மட்டும். அந்த ஐந்து மில்லிமீட்டரைக் காப்பாற்றத்தான் ஒவ்வொரு தடவையும் படுத்தவுடன் மிஷினிலேயே ஒரு சிறு ஸ்கேன் எடுத்து, கட்டிலை ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் நகர்த்திச் சரிசெய்தார்கள். கதிரின் அளவை இடத்துக்கு இடம் மாற்றிக் கொடுக்கிற ஐஎம்ஆர்டி முறை. மிஷினுக்குள் கதிரை மறைத்து வடிவம் கொடுக்கும் டங்ஸ்டன் இலைகள் ஓடுகிற சத்தம் கேட்கும், பழைய சைக்கிள் செயின் மாதிரி. காலை 7.30க்கு ஒன்று, பிற்பகல் 2க்கு ஒன்று.

நடுவில் ஆறு மணி நேரம். நல்ல செல்கள் தங்களைச் சரிசெய்துகொள்ளக் குறைந்தது அவ்வளவு நேரம் வேண்டும். சிகிச்சையைவிட இந்த ஆறு மணி நேரத்தைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ரூமுக்குப் போய்த் திரும்ப ஆட்டோவுக்கு ஒவ்வொரு நாளும் கொடுத்துக் கட்டுப்படியாகாது. முதல் வாரம் காரிடார் பெஞ்சில் உட்கார்ந்து முதுகு போனது. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியைக் கண்டுபிடித்தோம். விழுப்புரம் பக்கத்துக்காரர் ஒருவரும் அதே முறையில் இருந்தார், “அண்ணே, இடம் புடிச்சு வச்சிட்டேன்” என்று துண்டை விரித்து வைத்திருப்பார். மனைவி பாய், ஃபிளாஸ்க், குழைய வைத்து அரைத்த கஞ்சி எல்லாம் கொண்டுவருவாள். இந்த முறைக்குப் போகிறவர்கள் நடந்துபோகிற தூரத்தில் ரூம் பாருங்கள், வாடகை ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை மிஷின் ஏசி கெட்டு, காலைத் தடவை நடந்தபோது மணி 12. இரண்டாவது ஆறு மணிக்கு மேல். நான் அன்றிரவு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருந்தேன். மிஷின் ஓட்டுகிற தம்பியிடம் கெஞ்சினேன்: “நாலு மணிக்கே வச்சிருப்பா, எத்தனையோ நாள் கரெக்டா வந்தேன்ல.” அவன் என்னை எப்போதும் ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுவான். “அப்பா, ஒண்ணு ஆறு மணி நேரம் கழிச்சு வைக்கிறேன். இல்லன்னா இன்னைக்கு விட்டுட்டுக் கடைசியில ஒரு நாள் சேர்த்துக்கலாம். நடுவுல சுருக்க மாட்டேன்” என்றான். கோபம் வந்தது. ரயில் போய்விட்டது. இடைவெளி குறைந்த நோயாளிகளுக்குப் பின்னாளில் பாதிப்பு கூடியதைப் பார்த்துத்தான் இந்த ஆறு மணி விதி வந்தது என்று டாக்டரம்மா திங்கட்கிழமை சொன்னார். தம்பிக்கு ஒரு பெட்டி கடலைமிட்டாய் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ரயில் என்றதும் ஒன்று. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டால், சிகிச்சைக்குப் போகிற கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் இலவசம், கூடப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. 2015இல் இது தெரியாமல் முழுக் காசு கொடுத்துப் போனேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பவர்களுக்குக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. மறு சிகிச்சை என்றால் எதற்கு, எவ்வளவு கிடைக்கும் என்று காப்பீட்டுக் கவுன்டரில் ப்ளான் போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும், பிறகு கேட்டுப் பயனில்லை.

பல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிகிச்சைக்கு முன்னால் கோவில்பட்டியில் ஒரு பல் வலித்து, பிடுங்கிவிடலாம் என்று போய்ச் சேரில் உட்கார்ந்தேவிட்டேன். பழைய ரேடியேஷன் வாங்கிய தாடையில் பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகலாம். வாயைத் திறந்து காட்டும்போது டாக்டர் கழுத்துத் தோலைப் பார்த்து “ரேடியேஷன் எடுத்தீங்களா?” என்று கேட்டார், தப்பித்தேன். பல்லைப் பிடுங்காமல் வேர் சிகிச்சையோடு சரிசெய்தார்.

மென்மையான முறை என்று சொல்லித்தான் இதைக் கொடுத்தார்கள். மென்மை என்றால் வலி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாம் வாரத்திலிருந்து தொண்டைப் புண், பசை மாதிரி எச்சில். வெந்நீரில் சமையல் சோடாவும் உப்பும் கலந்து மணிக்கொருதரம் கொப்பளித்தேன். நான்கு கிலோ இறங்கினேன், மூக்குக் குழாய் மட்டும் இந்த முறை தேவைப்படவில்லை. அசதிதான் பொல்லாதது. வேப்பமரத்தடியில் பேப்பரை விரித்தால் தலைப்பைத் தாண்ட முடியாது. அதெல்லாம் முடிந்து ஒன்றரை மாதத்தில் சரியானது. சரியாகாதது பிறகு வந்தது. ஆறாவது மாதத்திலிருந்து தாடை இறுகி வாய் திறப்பது குறைந்தது, விழுங்குவதும் சிரமமானது. விழுங்கும் பயிற்சியைச் சிகிச்சையின் முதல் நாளிலிருந்தே செய்யச் சொல்லியிருந்தார்கள், வலியைச் சாக்கு வைத்து நான் பாதி நாள் செய்யவில்லை. அது என் தவறு.

வாய்க்கு ஐஸ் குச்சி வைத்தியம். குச்சிகளை அடுக்கி முன்பற்களுக்கு நடுவில் செருகி, வாரத்துக்கு ஒன்று வீதம் கூட்ட வேண்டும். ஒன்பது குச்சியில் ஆரம்பித்தேன், இப்போது பதினைந்து. முப்பது வருஷம் தீக்குச்சிக் கணக்கு எழுதிவிட்டு ஐஸ் குச்சியை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று மனைவிக்கு ஒரே சிரிப்பு. சாம்பாரில் ஊறிய இட்லி இறங்கும். தோசை, முறுக்கு எல்லாம் போனது போனதுதான்.

பெட் ஸ்கேனை மூன்று மாதம் கழித்துத்தான் எடுத்தார்கள். சீக்கிரம் எடுத்தால் ரேடியேஷன் ஏற்படுத்திய புண்ணையே நோய் என்று காட்டிப் பயமுறுத்துமாம். கட்டி இருந்த இடத்தில் சின்னத் தழும்பு மட்டும். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, குணமாகிவிட்டது என்று டாக்டரம்மா இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்பதில்லை. கரோட்டிட் பயம் மட்டும் தீராது. வாயிலோ கழுத்திலோ கொஞ்சம் ரத்தம் வந்து தானாக நின்றாலும் அலட்சியம் செய்யாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், பெரிய கசிவுக்கு முன்னால் சிறிது கசிந்து காட்டுவது உண்டு என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார்கள். காலையில் பல் தேய்த்துத் துப்பும்போது அவள் இன்னும் எட்டிப் பார்க்கிறாள்.

புது சிகிச்சையின் சிடியைக் கேட்காமலே கொடுத்துவிட்டார்கள். மனைவி அதன்மேல் மார்க்கரால் ‘கழுத்து – 2’ என்று எழுதி, பழையதில் ‘கழுத்து – 1’ என்று எழுதி, நிலப் பத்திரம் இருக்கிற டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள். பென்டிரைவில் ஒரு பிரதி அக்கா மகனிடம் இருக்கிறது.

போன வாரம் சாத்தூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். அவர் மனைவி எங்கள் கம்பெனியில் பெட்டி அடைத்தவள்தான், எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருஷம் முன்னால் கன்னத்தில் வந்தது, இப்போது மறுபடி தாடைக்கு அடியில். “அண்ணாச்சி, ஒரு தடவைதான் கரண்ட் வைக்க முடியுமாம்ல” என்றார்.

“பழைய ப்ளான் இருக்கா?” என்று கேட்டேன்.

“ஃபைல் பூரா இருக்கு அண்ணாச்சி. அது போதும்ல?”

அவர்கள் காட்டியது நான் முதலில் காட்டிய அதே ஆஸ்பத்திரியில்தான். அந்த பிசிசிஸ்ட் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்று விசாரித்தேன், இருக்கிறார். மதியம் சாப்பிடுகிற நேரம் எனக்குத் தெரியும். புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் போகிறோம்.